பேர் எழுத வைக்க எங்களுக்கு ஒர்க் ஆனது
என் பொண்ணு அவ பேர எழுதப் பழகினப்போ ரொம்ப படுத்தினது மொத எழுத்து ‘செ’ல வர்ற கொம்புதான் (ெ), காதுல ‘செ’ன்னு கேக்கறப்போ ச மொதல்ல வருது, எழுதறப்போ கொம்பு முந்திக்கணும், அவ ச போட்டுட்டு அப்பறமா கொம்ப சுழிப்பா. பென்சில ஓரமா வெச்சுட்டு தட்டுல மணல் பரப்பி விரலால பெருசா எழுத விட்டேன். அடுத்து பேர்ல கடைசி எழுத்த மட்டும் விட்டு மீதிய நானே எழுதி குடுத்தேன், அவ போட்டதும் பேர் முழுசாயிடும், அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு! அப்பறம் கடைசி ரெண்டு எழுத்து, இப்படியே பின்னாடிலேர்ந்து மொத எழுத்துக்கு வந்தோம், செவப்புல கொம்பு, நீலத்துல ச. நீளமான பென்சில விட குட்டி கிரேயான் துண்டு பெட்டர், முஷ்டியா புடிக்க எடமில்ல, விரல் நுனியாலதான் புடிச்சாகணும். கோணலா வந்தா திருத்தாதீங்க ப்ளீஸ், வரிசை சரியா இருந்தா போதும். இப்போ கொம்பு தானாவே மொதல்ல வருது.