‘டேக்’ எங்க போடணும், எங்க போடக்கூடாது

இங்கிலீஷ்ல டேக்னா (take) ‘எடு’ன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணிட்டு அத அப்படியே வச்சி பேசுறதாலதான் நம்ம திருநெவேலி பக்கத்துப் பிள்ளைங்க நல்லா படிச்சிருந்தும் இன்டர்வியூல தடுமாறுதாங்க. ரெண்டு சொல்லும் பாதி தூரந்தான் சேர்ந்து வரும்.

மொதல்ல வேர பிடிங்க. 8ஆம் நூற்றாண்டு கடைசியில இருந்து கப்பல் கப்பலா இங்கிலாந்துக்கு வந்த வைக்கிங்குங்க (வட ஐரோப்பா கடலோடிங்க) பேசுன பழைய நார்ஸ் மொழியில ‘டாக்கா’ன்னா கையால பிடிக்கிறது, அதுல இருந்து வந்ததுதான் டேக். அதுக்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்களுக்கு ‘நிமன்’னு சொந்தச் சொல் இருந்திச்சு (ஜெர்மன்ல இன்னைக்கும் ‘நேமன்’தான்), டேக் வந்து மெள்ள மெள்ள அத தள்ளிட்டு. ஆனா கை கால் மரத்துப்போனா ‘நம்’னு சொல்லுதாங்கல்லா, அது நிமனோட மிச்சம்.

இப்ப அந்தப் ‘பிடி’ய மனசுல வச்சிக்கிட்டு பாருங்க. பாளையங்கோட்டைக்கு பஸ்ஸ பிடிக்கோம், அது டேக் எ பஸ். மாத்திரை, போட்டோ, ரெஸ்ட் எல்லாத்துக்கும் டேக்தான். பொண்ணு அம்மா சாடையில இருந்தா டேக்ஸ் ஆஃப்டர், பிளேன் கிளம்புனாலும் செருப்ப கழத்துனாலும் டேக் ஆஃப். நெல்லையப்பர் கோயிலுக்கு வீட்ல இருந்து தேங்கா பழம் கொண்டு போனா டேக், திருநீற வீட்டுக்கு கொண்டு வந்தா பிரிங்.

ரொம்ப கவனிக்க வேண்டியது இனிமேதான். பசி எடுக்கு, தாகம் எடுக்குன்னு நாம சொல்லுதோம், அங்க டேக் வராது, ஐ ஆம் ஹங்ரி, தர்ஸ்ட்டின்னுதான் சொல்லணும். வாந்தி எடுத்தான்னா வாமிட்டெட். மார்க் எடுத்தேன்னா காட் (got), இல்ல ஸ்கோர்ட். சினிமாப்படம் எடுத்தா மேட் (made). தீவாளிக்கு டவுன்ல துணி எடுத்தோம்ங்கிறதுக்கு பாட்தான் (bought) போடணும், டுக் (took) போட்டா காசு குடுத்து வாங்குன அர்த்தமே வராது, எனக்குத் தெரிஞ்சி அதிகமா வழுக்குற இடம் இதுதான்.

தலைகீழாவும் வரும்: பரீட்சைய நாம ‘எழுதுதோம்’, இங்கிலீஷ்காரங்க டேக் பண்ணுதாங்க. அதனால வீட்ல நாள் முழுக்க பேசுறதுல ‘எடு’ வார வாக்கியத்த எல்லாம் ஒரு நோட்ல எழுதி, டேக் பொருந்தாததுக்கு நேரா சரியான வினைச்சொல்ல எழுதி வாங்க, வாக்கியம் முழுசா இருக்கணும், தனிச்சொல்லா எழுதுனா மறந்துரும்.