கோழி எருவில் வரும் ஆன்டிபயாட்டிக்: வயலில் போடும் முன் குறைக்கும் முறை

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளிலிருந்து கோழி எரு லோடு லோடாக வயல்களுக்குப் போகிறது. தொழு எருவை விட அதில் தழைச்சத்து அதிகம். ஆனால் கோழிக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் கணிசமான பங்கு உருமாறாமல் எச்சத்தோடு வெளியேறி, மட்காத பச்சை எருவாகவே மண்ணில் சேர்ந்துவிடுகிறது. கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. மற்ற பல மருந்துகள் சிகிச்சைக்குப் புழக்கத்தில் இருக்கின்றன.

மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. டெட்ராசைக்ளின் வகை களிமண்ணோடும் மட்கோடும் ஒட்டிக்கொள்ளும்; சூடான மட்குக் குவியலில் பெருமளவு சிதையும். சல்ஃபா வகை அவ்வளவாக ஒட்டாது. மழைநீரோடு இறங்கிக் கிணற்று நீருக்குப் போய்விடும். என்ரோஃப்ளாக்சசின் போன்றவைதான் பிடிவாதம்: சூட்டுக்கும் லேசில் மசியாது, மண்ணிலும் நெடுநாள் கிடக்கும். அதனால் முதலில் பண்ணையில் கேளுங்கள். மருந்து கொடுத்த நாட்களிலும் அதற்கடுத்த ஒரு வாரத்திலும் விழுந்த எச்சத்தைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத இந்த வேலைக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

முதலில் கரி

எருவை மட்க வைக்கும் குவியலிலும் மண்ணிலும் மருந்தைப் பிடித்து வைக்க உயிர்க்கரி (காற்றுப் படாமல் கரியாக்கிய விறகுக் கரி) வேண்டும். மேல்வாய் 1.5 மீட்டர் அகலம், 75 செ.மீ. ஆழம், அடி குறுகிய கூம்புக் குழி வெட்டுங்கள். நன்கு காய்ந்த சீமைக் கருவேல மிலாறு, தேங்காய்த் தொட்டி, பருத்திமார் எதுவானாலும் சரி. மணிக்கட்டை விடத் தடித்த கட்டை வேண்டாம். அடியில் சிறு அடுக்கு வைத்து அதன் உச்சியில் தீ மூட்டுங்கள். மேற்பரப்பில் வெண்சாம்பல் படியத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடுங்கள். மேலே எரியும் தீ காற்றை உறிஞ்சிக்கொள்வதால் கீழே உள்ளது சாம்பலாகாமல் கரியாகிறது. புகை கிளம்பினால் விறகு ஈரம், அல்லது அவசரப்பட்டு அள்ளிப் போட்டுவிட்டீர்கள்.

குழி நிறைந்ததும் 300 லிட்டர் தண்ணீராவது ஊற்றி அணையுங்கள். மறுநாள் கையால் தொட்டுப் பார்க்காமல் சாக்கில் கட்டவே கூடாது. உள்ளே கனல் இருந்தால் சாக்கோடு பற்றிக்கொள்ளும். 100 கிலோ விறகுக்கு 20 முதல் 25 கிலோ கரி கிடைக்கும். ஈரமாக இருக்கும்போதே இடித்து, நெல்மணி அளவுக்குப் பொடியுங்கள். காய்ந்த பிறகு இடித்தால் தூள் நெஞ்சுக்குள் போகும்.

குவியல்

புதிய கோழி எச்சம் 100 கிலோ, இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல் 125 கிலோ, கரித்தூள் 15 கிலோ. தண்ணீர் 110 லிட்டர் வரை பிடிக்கும். வைக்கோல் ஏன் இவ்வளவு? கோழி எச்சத்தில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பத்துப் பங்கு கார்பன்கூட இருக்காது. நுண்ணுயிர்களுக்கு 25 பங்காவது வேண்டும். வைக்கோலில் கால்வாசிக்குப் பதில் தென்னை நார்க்கழிவு சேர்க்கலாம். முழுக்க அதையே போட்டால் லிக்னின் என்ற லேசில் மட்காத நார்ப்பொருள் மிகுந்து, குவியல் சூடேறாமல் படுத்துவிடும்.

மேட்டு நிலத்தில், கிணற்றிலிருந்து தள்ளி, ஒரு சாண் உயரம் வெறும் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கலவையைக் குவியுங்கள். அகலமும் உயரமும் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. சின்னக் குவியல் சூட்டைத் தக்கவைக்காது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. மழைக்குத் தார்ப்பாய் போடுங்கள். வழியும் சாற்றில்தான் சல்ஃபா மருந்து ஓடிப்போகும்.

சூடு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்ளே 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதி நோய்க்கிருமிக்காகச் சொல்லும் இந்த அளவு, மருந்துச் சிதைவுக்கும் நல்ல அளவுகோல். நீளத் தண்டு வெப்பமானி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கடப்பாரையை நடுவில் பத்து நிமிடம் செருகி எடுங்கள். நுனியைச் சில நொடிகளுக்கு மேல் பிடிக்க முடியாமல் சுட்டால் சூடு ஏறியிருக்கிறது. 70ஐத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாகும், உடனே புரட்டுங்கள். ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி புரட்டுவது முக்கியம், ஓரம் சூடே காண்பதில்லை.

மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் வைக்கோல் போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சி, காற்று போகவில்லை. புரட்டிக் காய்ந்த வைக்கோல் சேருங்கள். நாலு நாளாகியும் சூடே இல்லையென்றால் பெரும்பாலும் உள்ளே காய்ந்து கிடக்கும்.

15 நாளில் எடுத்துவிட ஆசை வரும். வேண்டாம். சூடு தணிந்தபின் 45 முதல் 60 நாள் மூடி ஆறவிடுங்கள். அப்படியும் என்ரோஃப்ளாக்சசின் முழுதாகப் போகாது, மருந்துக்கு அசராத கிருமிகளின் மரபணுவும் கொஞ்சம் மிஞ்சலாம். கோழித் தீவனத்திலிருந்து வரும் செம்பும் துத்தநாகமும் குறையவே குறையாது. எனவே இந்த மட்கைக் கீரைக்கும் முள்ளங்கிக்கும் போடாமல் மக்காச்சோளம், தென்னை, கரும்புக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

ஏற்கெனவே பச்சை எரு போட்ட மண்ணுக்கு

ஒரு சென்ட் நிலத்தில் மேல் அரை அடி மண் ஏறத்தாழ 9 டன் எடை. அதில் ஒரு சதவீதம் கரி என்றால் 90 கிலோ. ஏக்கர் முழுக்க இறங்காமல் ஒரு சென்ட்டில் பாதி அளவு, 45 கிலோ போட்டுத் தொடங்குங்கள். கரியைச் சம அளவு மட்கோடு கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்த பிறகே மண்ணில் கலக்கவும். வெறும் கரி பயிரின் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொண்டு இலையை மஞ்சளாக்கும். கரி மருந்தை அழிப்பதில்லை, வேருக்கும் நிலத்தடி நீருக்கும் போகாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். மண்ணின் பி.எச். 8ஐத் தாண்டிய இடத்தில் போடாதீர்கள். கரி அதை இன்னும் ஏற்றும். பெண்டிமெத்தலின் போன்ற முளைப்புக்கு முன் தெளிக்கும் களைக்கொல்லியையும் கரி உறிஞ்சிவிடும், ஆக அந்தப் பாத்தியில் களையைக் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கும்.