மருந்தடிக்கிற பட்டத்தில் சினைக்கெண்டையைக் காப்பது எப்படி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி பக்கம் வயலுக்கும் குளத்துக்கும் ஒரே வாய்க்கால்தான். மூலத்தரை தடுப்பணை வழியாக ஆழியாற்றுத் தண்ணீர் வரும்போது, மேல்மடையில் அடித்த மருந்தும் கூடவே இறங்கும். மீன் செத்து மிதந்தால் ஊருக்கே தெரியும். மீன் நன்றாக மேய்ந்து, முட்டை மட்டும் பொரிக்காமல் போனால் மருந்தை யாரும் நினைப்பதில்லை.

மருந்துப் பாட்டிலில் விஷத்தின் கடுமையைக் காட்டும் முக்கோணத்தின் நிறத்தை நம்ப வேண்டாம். அது பாலூட்டிகளை வைத்துப் போட்ட கணக்கு. மஞ்சள் முக்கோணத்தில் வரும் சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து மீனுக்குக் கொடிய விஷம். 10 சென்ட் குளம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். 10 இ.சி. (பத்து சதவீதக் கரைசல்) மருந்தில் 4 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, கலந்தாலே லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வந்துவிடும். மீன் சாகிற அளவு அதை ஒட்டியே தொடங்குகிறது. இனப்பெருக்கம் கெட அதைவிடக் குறைவே போதும். பெண் சினை முற்றியதை ஆண்மீன் வாசனையில்தான் அறியும். சால்மன் மீனில் அந்த மோப்பத்தையே சைபர்மெத்ரின் மழுங்கடித்தது.

ஆகவே சாதாக்கெண்டையை முட்டையிட ஹாப்பாவில் (குளத்துக்குள் கட்டும் வலைத்தொட்டி) விடுமுன் மேல்வயல்காரரிடம் மருந்தடிக்கும் நாளைக் கேளுங்கள். அடித்த பிறகு ஒரு வாரமாவது குளத்து மடையைத் திறக்கக் கூடாது. நடுவில் மழை பெய்தால் வரப்பு வழிகிறதா என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது அங்கேதான்.

சந்தேகம் வந்தால் இரண்டு வாளி போதும். ஒன்றில் குளத்துத் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர், பத்துப் பத்து லிட்டர். போர்வெல் தண்ணீரானால் காற்று குறைவாக இருக்கும், முந்தின இரவே ஏரேட்டர் போட்டு வையுங்கள். முட்டை ஒட்டிய வேலம்பாசியில் (நீர்ப்பாசிச் செடி) நூறு முட்டை அளவுக்குக் கிள்ளி ஒவ்வொன்றிலும் போட்டு, நிழலில் வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள். உயிருள்ள முட்டை கண்ணாடி போல இளமஞ்சளாக இருக்கும். செத்தது பால் வெள்ளையாகி, மறுநாள் பஞ்சு பூக்கும். இருபது வரை வெளுப்பது வழக்கம்தான்.

குளத்து வாளி மட்டும் வெளுத்தால் தண்ணீரில் கோளாறு. இரண்டும் வெளுத்தால் தாய்மீனை, அதாவது முட்டைக்கு விட்ட ஆண், பெண் மீன்களைப் பாருங்கள்: ஆணின் வயிற்றை நீவினால் கெட்டியாகப் பால் (விந்து) வர வேண்டும். நீர்த்து வந்தால் வயது, தீனி, முன்பே பட்ட மருந்து, எதுவும் காரணமாகலாம். இரண்டும் நன்றாக இருந்தாலும் பொரித்தபின் மூன்று நாள் விடாமல் பாருங்கள். முட்டைத் தோல் ஓரளவு காக்கும், குஞ்சுக்கு அது இல்லை. வால் வளைந்து அடியில் சுழன்றால் அந்தத் தண்ணீர் ஆகாது.

மருந்தை முறிக்கச் சுண்ணாம்பைக் கொட்டுவார்கள். வேண்டாம், பி.எச். (தண்ணீரின் காரத்தன்மை) ஏறினால் அமோனியாவின் நச்சு கூடி, மிச்சக் குஞ்சும் போகும். தாய்மீனை நல்ல தண்ணீருக்கு மாற்றி அடுத்த பட்டத்துக்கு விடுங்கள். தெளிப்பானைக் குளத்தங்கரையில் கழுவ விடாதீர்கள். மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் மருந்தடித்த வயலிலேயே அடித்துவிடச் சொல்லுங்கள்.