கொப்பரை காயப்போடும் முறை

தேங்காயை அப்படியே விற்றால் அன்றைய விலைதான். கொப்பரையாக்கினால் கொஞ்ச நாள் வைத்திருந்து விற்கலாம். அதனால் நான் பாதிக் காயை உடைத்துவிடுவேன்.

11, 12 மாதம் முற்றிய காயாக எடுங்கள். இளங்காய்ப் பருப்பு ரப்பர் மாதிரி வளையும், எண்ணெயும் குறைவு. உடைத்த அன்றே, பருப்பு மேலே பார்க்க வெயிலில் அடுக்குங்கள். பச்சைப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சும் உண்டாகலாம். அதனால் இரவில் பனி படாமல் மூடிவையுங்கள்.

நல்ல வெயிலில் இரண்டு நாளில் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகும். அப்புறம் தோண்டியெடுத்து, மேலும் நான்கைந்து நாள் காயவிடுங்கள். ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். கருவி இல்லையா? ஒடித்துப் பாருங்கள், டக்கென்று முறிந்தால் சரி.

மழைக்காலத்தில் சிரட்டை எரிக்கும் உலர்த்தி உதவும். புகை நேராகப் படவிடாதீர்கள். நிறமும் மணமும் கெட்டு, விலையும் இறங்கும்.