ஃபிளாம்பாயண்ட்லி: பந்தாவையும் பளிச் நிறத்தையும் ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

பலர் 'ஃபிளாம்பாயண்ட்லி' (flamboyantly) என்ற ஆங்கிலச் சொல்லை 'ஆடம்பரமாக' என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பாதிதான் சரி. ஆடம்பரம் என்றதும் பணம் நினைவுக்கு வரும். இங்கே பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். நம் பேச்சுவழக்கில் இருக்கும் 'பந்தாவாக' இதற்கு இன்னும் கிட்டத்தில் வரும்.

படி 1: வேரைப் பிடியுங்கள். ஃபிளாம்பாயண்ட் என்றால் பிரெஞ்சில் 'சுடர்விட்டு எரிகிற' என்று பொருள். 15ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தேவாலயங்களில் ஜன்னல் கல்வேலைப்பாடு தீக்கொழுந்து போல நெளிந்து போகும். அந்தக் கட்டடப் பாணிக்கே இதுதான் பெயர். ரூவான் நகரத்து சான் மக்லூ தேவாலயத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள், பொருள் மறக்காது. குல்மோகர் மரத்துக்கும் ஆங்கிலத்தில் ஃபிளாம்பாயண்ட் என்று ஒரு பெயர் உண்டு. சித்திரை வெயிலில் அதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

படி 2: உச்சரிப்பு. அழுத்தம் நடுவில் வரும் 'பாய்' மேல். அவ்வளவுதான்.

படி 3: இடம். தடுமாற்றம் அதிகம் இங்கேதான்.

நடத்தையைச் சொல்லும்போது வினைக்குப் பின்னால் வையுங்கள்: 'எல்டன் ஜான் டிரஸ்ட் ஃபிளாம்பாயண்ட்லி ஆன் ஸ்டேஜ்.' 1980இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் மேடையில் டொனால்ட் டக் வேஷத்தில் பாடிய அந்த பிரிட்டிஷ் பாடகர், இந்தச் சொல்லுக்குத் தாராளமாகப் பொருந்துவார்.

வினைக்குச் செயப்படுபொருள் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் நுழைக்காதீர்கள். 'ஹி வேவ்ட் ஹிஸ் ஹேட் ஃபிளாம்பாயண்ட்லி' சரி. 'ஹி வேவ்ட் ஃபிளாம்பாயண்ட்லி ஹிஸ் ஹேட்' காதில் உறுத்தும்.

நிறத்தைச் சொல்லும்போது முன்னால் வரும்: 'எ ஃபிளாம்பாயண்ட்லி கலர்ட் பேர்ட்.' இரண்டு சொற்களுக்கும் நடுவில் இணைப்புக்கோடு வேண்டாம்.

படி 4: 'லி'யை எப்போது விடுவது? 'இஸ்', 'லுக்ஸ்' ஆகியவற்றுக்குப் பின்னால் ஒரு பொருளின் தன்மையைச் சொல்லும்போது. 'ஹெர் சாரி லுக்ஸ் ஃபிளாம்பாயண்ட்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 5: பக்கத்து வீட்டுச் சொற்கள். வெறும் வெளிச்சத்துக்கும் பளிச்சென்ற நிறத்துக்கும் 'பிரைட்லி' போதும். பணத்தைக் காட்டிக்கொள்வதற்கு 'ஆஸ்டென்டேஷியஸ்லி'. கண்ணைக் குத்துகிற மட்டமான ரசனைக்கு 'காடிலி'. ஃபிளாம்பாயண்ட்லி பாராட்டாகவும் வரலாம், குத்தலாகவும் வரலாம். ஆண்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்களுடைய பாலியல் நாட்டத்தை ஜாடையாகச் சுட்டவும் சிலர் இதைப் பயன்படுத்துவதுண்டு. அதனால் அலுவலக மின்னஞ்சலில் சக ஊழியரைப் பற்றி எழுதும்போது இது வேண்டவே வேண்டாம்.

சரி, பயிற்சிக்கு ஒன்று: தோகை விரித்தாடும் மயிலைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதுங்கள், ஒன்று ஆட்டத்துக்கு, இன்னொன்று நிறத்துக்கு. முதலாவதில் சொல் 'டான்ஸ்ட்' என்பதற்குப் பின்னால் வந்திருக்க வேண்டும், இரண்டாவதில் 'கலர்ட்' என்பதற்கு முன்னால்.