பேண்ட் சைஸை நம்பி மோசம் போகாதீர்கள்

தாராவி 90 அடி சாலையில் எங்கள் தையற்கடை அண்ணாச்சியிடம் பல வருஷமாக 34 இஞ்ச் பேண்ட்தான் தைத்துக்கொள்கிறேன். உடம்பு ஏறவே இல்லை என்று அதில் எனக்கு ஒரு பெருமை. போன தீபாவளிக்கு அளவு கொடுக்கும்போது அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் டேப்பை வழக்கமான இடத்தில், வயிற்றுக்குக் கீழே ஒரு சுற்று சுற்றினார். 34. சட்டையைத் தூக்கச் சொல்லி மேலே இன்னொரு சுற்று. 37.

"பேண்ட்டை வயித்துக்குத் தைக்கவா தம்பி, இடுப்புக்குத் தைக்கவா?"

நம் ஆண்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம். தொப்பை வளர வளர பேண்ட் கீழே இறங்குகிறது. சைஸ் மட்டும் மாறுவதில்லை. டாக்டர் இடுப்பளவு கேட்டால் ஜீன்ஸ் லேபிளில் இருக்கும் எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறோம். அளக்க வேண்டிய இடம் வேறு. பக்கவாட்டில் கடைசி விலா எலும்பு முடியும் இடத்தையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப் போக வேண்டும். மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். எக்கக் கூடாது. தொப்புளை அடையாளமாக வைப்பதும் அவ்வளவு சரியில்லை, தொப்பை சரிந்தவர்களுக்குத் தொப்புளும் சேர்ந்து இறங்கிவிடும். நம் நாட்டவருக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். (90 அடி சாலைக்காரர்களுக்கு மறக்காத எண்.) இன்னும் சுலபமாக வேண்டுமா? இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். என் உயரம் 170, பாதி 85. வீட்டில் முறையாக அளந்தபோது 94 வந்தது.

எடையோ 66 கிலோதான். எடையை, மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ. 22.8. இந்தியர்களுக்கு 23-லிருந்துதான் அதிக எடை என்று கணக்கு. அட்டவணைப்படி நான் பாஸ்! எடை மிஷினை மட்டும் நம்புவது அடுத்த தவறு. இங்கிருந்து மூன்று நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கும் புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் தங்கள் உடம்பையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. ஸ்கேனில் பார்த்தால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. மிஷின் கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சுத்தமாகச் சொல்லாது.

எங்கே என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தோலுக்கு அடியில், தொடையில், இடுப்புக்குப் பின்னால் சேரும் கொழுப்பு வீட்டுப் பரண் மாதிரி. பத்துக்குப் பத்து அறையில் வாழ்கிறவர்களுக்குப் பரணின் அருமை தெரியும். அதில் இடமிருக்கும் வரை சாமான் யார் காலிலும் இடறாது. நிறைந்துவிட்டால்? அடுப்பு மேடையில், வாசற்படியில், படுக்கிற பாயில். உடம்பில் அப்படி வழிகிற கொழுப்பு குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் தசைக்குள்ளும் போய்ச் சேர்கிறது. குடல் பக்கத்து ரத்தம் நேராக ஈரலுக்குத்தான் போகிறது. அங்கே கொழுப்பு கூடினால் ஈரல் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும். தெற்காசியர்களுக்குப் பரண் சிறியது, சீக்கிரம் வழிந்துவிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. பரணே இல்லாமல் பிறக்கிறவர்களும் உண்டு. லிப்போடிஸ்ட்ரோபி என்ற அந்த அபூர்வ நோயில் ஆள் ஒல்லியாகத்தான் இருப்பார். சர்க்கரை நோயும் ஈரல் கொழுப்பும் கடுமையாக இருக்கும்.

ஆகவே "என் தொப்பை கல்லு மாதிரி, சதை இல்ல" என்று தட்டிக் காட்டுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கையில் பிடிபடுவது தோலடிக் கொழுப்பு. பிடிபடாமல் விறைப்பாக முன்னால் தள்ளி நிற்கிற வயிற்றில் பெரும்பாலும் கொழுப்பு தசைக்கு உள்பக்கம் இருக்கிறது. உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று விளம்பரம் பார்த்து நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் உடற்பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். முடிவு 2004-இல் வந்தது. சில வாரம் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதமோ ரத்த அழுத்தமோ மாறவில்லை. எடுத்தது பரண் சாமானை.

வயிற்றுக்கு மட்டும் க்ரஞ்சஸ் போடுவதும் வியர்வை பெல்ட் கட்டுவதும் இதே ரகம். தசை பலப்படும், பெல்ட்டால் வேட்டி நனையும், அவ்வளவுதான்.

பெண்களிடம் நேர்மாறான தவறு. தொடை பெருத்திருக்கிறது என்று பட்டினி கிடக்கிறார்கள். இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை, சர்க்கரை விஷயத்தில் ஓரளவு காப்பாகவே இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு அது வயிற்றுப் பக்கம் குடியேறத் தொடங்கும். டேப்பை எடுக்க வேண்டிய நேரம் அது. "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிற நேரமும் அதுவே.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' (ஈரலில் கொழுப்பு, முதல் நிலை) என்று வந்தால் "எல்லாருக்கும் இருக்கு" என்று சொல்லி மடித்து அலமாரியில் வைத்துவிடுவோம். நானும் வைத்தவன்தான். எல்லாருக்கும் இருந்தால் எல்லாருக்கும் ஆபத்து என்றுதானே அர்த்தம்? மூன்று மாதச் சர்க்கரை அளவு, ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

பிள்ளைகளின் பின்கழுத்து கறுத்துத் தடித்தால் அழுக்கென்று பீர்க்கங்காய் நாரால் தேய்க்கும் அம்மாக்கள் எங்கள் சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பில்) இன்றும் உண்டு. தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். அந்தப் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று, நல்ல செய்தி. உள்கொழுப்பு நடைக்கும் உணவுக் குறைப்புக்கும் சீக்கிரம் மசியும். நான் சயான் கோட்டைப் பக்கம் தினமும் வேகமாக 45 நிமிஷம் நடந்தேன், சாயங்கால வடா பாவையும் இரண்டாவது கட்டிங் சாயையும் (அரை கிளாஸ் டீ) விட்டேன். ரெண்டு மாதத்தில் எடை ஒரு கிலோ கூடக் குறையவில்லை. வெறுத்துப்போய் நிறுத்தியிருப்பேன். அந்த வாரம்தான் பழைய பேண்ட்டைச் சரிசெய்யக் கொண்டுபோனேன். அண்ணாச்சி டேப்பை மேலே சுற்றினார். 35½.

"தம்பி, பிடிச்சுத் தைக்கவா, இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கவா?" என்றார்.