கையால் வடித்த கோடரியைத் தேர்வதும் பேணுவதும்

உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடித்த கோடரியை எடுத்ததும் பெரும்பாலோர் கூரைத்தான் விரலால் தடவிப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காம்பு நுழையும் துளை. வாய் மேல்நோக்கி இருக்கக் கோடரியைக் கிடையாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கூர்விளிம்பும் காம்பின் நடுக்கோடும் ஒரே நேரில் அமைந்துள்ளனவா என்று நோக்குங்கள். துளை கோணலாக இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் அடி பக்கவாட்டில் வழுக்கும். வாங்கியவரால் எளிதில் திருத்த முடியாத குறை அது.

பழைய கொல்லர்கள் மெல்லிரும்பு உடலில் கடின எஃகுத் துண்டைப் பற்றவைத்து வாய் அமைத்தனர். இன்று தலை முழுவதையும் ஒரே எஃகில் அடித்து, வாயை மட்டும் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கி, பின்னர் மிதமான சூட்டில் அதன் நொறுங்கும் தன்மையைத் தணிப்பதே பெருவழக்கு. விளிம்பில் அரத்தை மெல்ல இழுத்தால் அது சற்றே பற்ற வேண்டும். முற்றிலும் வழுக்கினால் வாய் உதிரக்கூடும், ஆழமாகக் கடித்தால் விரைவில் மழுங்கும். கன்னங்களில், அதாவது தலையின் இரு பக்கங்களில், தெரியும் சம்மட்டித் தழும்பும் உலைக் கருமையும் குறைகள் அல்ல. முழுக்க மெருகேற்றிய தலையைத்தான் நான் ஐயத்தோடு பார்ப்பேன். ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் புரூக் பட்டறையில் அடித்த கொல்லரின் பெயரெழுத்துகளையே தலையில் பொறிக்கிறார்கள்.

காம்பின் அடிமுனையில் தெரியும் மரவரிகள் வாயின் திசையிலேயே ஓட வேண்டும்; குறுக்கே ஓடினால் காம்பு எளிதில் முறியும்.

தீட்டுவதற்கு அரமும் கையால் தேய்க்கும் கல்லும் போதும். மின்சாணையில் விளிம்பு நீலம் பாய்ந்தால் சூடு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது என்று பொருள். கொல்லர் கொடுத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது, அதைத் தேய்த்து அகற்றினால்தான் நல்ல எஃகு வெளிப்படும். இருபக்கமும் சேர்ந்து 25 முதல் 30 டிகிரி வரையிலான கோணம் பொது வேலைக்குப் பொருந்தும். விறகு பிளக்க இன்னும் தடித்த வாய் நல்லது.

தலை தளர்ந்தால் நீரில் ஊறவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஊறிய மரம் துளைக்குள் நசுங்கி, காய்ந்தபின் முன்னிலும் தளர்கிறது என்பதால், புதிய ஆப்பு இறுக்குவதே முறை. தலையின் பின்புறத்தைச் சம்மட்டியாகப் பயன்படுத்தினால் துளையின் சுவர் விரியும். தோலுறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. அதிலேயே விட்டுவைத்தால் தோலின் ஈரம் துருவைத் தரும். காம்புக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி, துடைத்த துணியைச் சுருட்டி எறியாமல் விரித்து உலர்த்துங்கள், ஏனெனில் அது தானாகவே தீப்பற்றக்கூடியது.